கிரேன் உச்சியில் ஒரு தட்டு பிஸ்கட்

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் கீழே எல்லோரும் நிழலுக்கு ஓட, உச்சியில் சித்தப்பா கிரேனை வெயில் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறார். கொக்கியில் சுமை எதுவும் இல்லை. பாதி எழும்பிய மாடிகளுக்கு மேலே அந்த நீண்ட இரும்புக் கை சோம்பலாக நகர்ந்து, அவருடைய கண்ணாடிக் கூண்டு சூரியனுக்கு நேரே வந்ததும் நிற்கிறது. கூண்டின் முன்பக்கம் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே அலுமினியத் தாள், மேலே கண்ணாடி மூடி, நடுவே கறுப்புத் தட்டில் வெயிலிலேயே வேகும் பிஸ்கட் மாவு.

ஏசியையும் அணைத்துவிடுவார். சட்டையைப் பிழியலாம். "நான் வேகாம அது எப்படி வேகும்?" என்பார்.

சித்திக்குத் தீராத ஆற்றாமை. "வீட்ல கூப்பிட்டா தலையைக்கூடத் திருப்ப மாட்டாரு. அங்க பிஸ்கட்டுக்காகக் கிரேனையே திருப்புறாரு!"

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து எதிர்க் கட்டடத்தின் மொட்டைமாடி அறையில் இருக்கிறேன். எத்தனையோ ரொட்டிக் கடைகளில் தின்றவள் நான். சித்தப்பாவின் பிஸ்கட் நல்ல வெயிலில் மொறுமொறுவென்று இருக்கும். மேகம் போட்ட நாளில் கரண்டியோடு கொடுப்பார்.

போன வாரம் விஷயம் முற்றியது. கிரேன் காரணமில்லாமல் திரும்புகிறது என்று யாரோ போட்டுக்கொடுக்க, புதிய பாதுகாப்பு அதிகாரி தானே ஏணியேறினார். பிடிபட்டால் கூண்டு போய்விடும், கீழே கிடங்கில்தான் வேலை. சித்தப்பாவோ கல்யாண வீட்டுக்குப் போனாலும் உயரம் தேடி மாடிப்படியில் உட்காருகிற ஆள்.

வயர்லெஸ்ஸில் மேஸ்திரி பதறினார். "அண்ணே, அந்தம்மா ஏறுறாங்க! பெட்டிய ஒளிச்சு வைங்க!"

"இப்ப எடுத்தா அரைவேக்காடா நின்னுடும்டா."

அடுத்து நடந்ததைச் சித்தப்பா சொல்லித்தான் தெரியும். மூச்சு வாங்க உள்ளே வந்த அதிகாரி பெட்டியின் முன்னால் நின்றார்.

"இதுக்காகவா இவ்வளவு பெரிய கிரேனைத் திருப்புறீங்க?"

"ஆமாம்மா. சுமை இல்லாதப்ப மட்டும்தான்."

"கிரேன் வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும்மா. எவ்வளவு வேணா திட்டுங்க. கொஞ்சம் தள்ளி நின்னு திட்டுங்க. பெட்டி மேல நிழல் விழுது."

என் மாடியிலிருந்து பார்த்தபோது, கூண்டுக்குள் அதிகாரியின் வெள்ளைத் தலைக்கவசம் பெட்டிக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தது. பிறகு அவர் இரண்டு கைகளாலும் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு, பெட்டி மேல் நிழல் விழாதபடி சித்தப்பாவின் காலடியில் மெல்லக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.