காயின் நோட்டு

முந்தானையில் முடிந்து வைக்க முடியாத காசுக்குக் கணக்கு எழுதுவதுதான் என் வேலை. போனில் கிரிப்டோ காயின் வாங்கிவிட்டு, என்றைக்கு வாங்கினோம், எவ்வளவுக்கு வாங்கினோம் என்று தெரியாமல், வருமான வரிக் கணக்குக் காட்ட வேண்டிய ஜூலை மாதத்தில் முழிக்கிறீர்களே, உங்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியும். உங்கள் காயினைத்தான் நான் நீள நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவள். அபிராமபுரத்தில் ஒரு ஆடிட்டர் மேடம் ஆபீசில் பெருக்கி, காபி போடத்தான் சேர்ந்தேன். என் கையெழுத்தையும் நான் வரி தாண்டாமல் எழுதுவதையும் பார்த்துவிட்டு, மேடம் காயின் நோட்டை என்னிடம் கொடுத்தார். முதலில் நோட்டில், பிறகு கம்ப்யூட்டரில். காபி வேலை என்றால் எல்லாரும் போன பிறகு எட்டு மணிக்குத்தான் கிளம்பலாம். நோட்டு வேலை என்றால் மூன்றரைக்கே கிளம்பலாம். என் மகள் எல்.கே.ஜி. விட்டு வரும் நேரம் அது. ஆபீசில் பழைய ஆளான பரசு சாருக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஜூலை முடியறதுக்குள்ள நோட்டுல ஒரு தப்பு வந்தாலும் நீ பழையபடி காபிதாம்மா."

விபூதிக்குப் போன தேதி

மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமா வந்தார், பேங்க்கில் இருந்து ரிடையர் ஆனவர். காயின் வாங்கும்போதெல்லாம் அன்றைய காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் விலையை எழுதி, கிளிப் போட்டு வைத்திருந்தார். இராகு காலம், எமகண்டம் எல்லாம் அதிலேயே அச்சாகியிருக்கிறதே, தனியாக எழுத வேண்டாம் பாருங்கள். நான் பார்த்ததிலேயே சுத்தமான கணக்கு அதுதான்.

ஒரே ஒரு தாள் இல்லை. மாமி அதைக் கோயிலுக்கு எடுத்துப்போய் விபூதி மடித்துக்கொண்டு வந்து, விபூதியைக் கிண்ணத்தில் கொட்டிவிட்டுத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டார்களாம். போன் ஆப்பிலேயே தேதி இருக்கும் மாமா என்று சொன்னேன். சொன்னது எனக்கே கேட்கவில்லை, அவருக்கு எப்படிக் கேட்கும்? அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆத்துல தேடியாச்சு, அது விபூதிக்குப் போயிடுத்து. நீயே ஒரு நல்ல நாளாப் பார்த்துப் போட்டுடேன்மா."

சிக்னல்

அசோக் நகர் தம்பி ஒருவர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவருடைய கணக்கு மட்டும் அறுநூறு வரிக்கு மேல் வந்தது. வாங்கி இரண்டு நிமிஷத்தில் விற்றிருக்கிறார், மறுபடி வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு தடவை விற்கும்போதும் நூற்றுக்கு ஒரு ரூபாய் வரியாகப் பிடித்திருக்கிறார்கள், அதையும் வரிக்கு வரி எழுத வேண்டும். மூன்று நாள் எழுதினேன். விரல் மரத்துப்போய்விட்டது. நான்காம் நாள் அவரே வந்தார். ஏதாவது கணக்குப் போட்டு விற்கிறாரா என்று பரசு சார் கேட்டதற்கு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அதெல்லாம் சிக்னல்ல நிக்கும்போது வாங்குறதுதான்க்கா. பச்சை விழுந்தா வித்துருவேன்."

கூடை

பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் விற்கும் அக்கா ஒருத்தர் வந்தார். தன் மகன் பேச்சைக் கேட்டு இரண்டு காயின் வாங்கியிருந்தார். ஒன்றில் எட்டாயிரம் லாபம், இன்னொன்றில் ஒன்பதாயிரம் நஷ்டம். மொத்தத்தில் ஆயிரம் ரூபாய் போச்சு, விடு என்றுதான் வந்திருக்கிறார். காயினைப் பொறுத்தவரை ஒன்றின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது, எட்டாயிரத்துக்கும் நூற்றுக்கு முப்பது கட்ட வேண்டும் என்று பரசு சார் விளக்கினார். அக்கா இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார். மூன்றாம் தடவையும் சொல்லச் சொன்னார். மாறவில்லை.

நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். முழுச் சொம்பையும் குடித்து முடித்துவிட்டு, சாரை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்: "ஒரு கூடைல போனத இன்னொரு கூடைல புடிச்சிக்கினுதாம்மா நான் ரெண்டு புள்ளய வளர்த்தேன். உங்க கெவுருமெண்டுக்கு மட்டும் இன்னா, கூடை கூடையா கணக்கு கீதா?"

பதினோரு ரூபாய்

ஜூலை கடைசி வாரம். தி.நகரில் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கும் ஒருவருடைய கணக்கு. அவர் கொடுத்த சீட்டைப் பார்த்து நான் எழுதியிருந்தேன், சீட்டை அப்போதே வாங்கிக்கொண்டு போய்விட்டார். காயின் வாங்கிய கம்பெனியின் பட்டியலோடு பரசு சார் ஒத்துப் பார்த்தார். என் நோட்டில் பதினோரு ரூபாய் அதிகம். அவர் காபியைக் குடித்து முடித்தார். காலி டம்ளரை என் மேஜைப் பக்கம் மெல்லத் தள்ளி வைத்தார்.

நோட்டைத் திறந்து பார்த்தேன். பதினோரு வரி. ஐயாயிரத்து ஒன்று, பத்தாயிரத்து ஒன்று என்று எல்லாமே ஒன்றில்தான் முடிந்தன. எழுதும்போதே கண்ணில் பட்டதுதான். எங்கள் வீட்டிலும் மொய் அப்படித்தான் எழுதுவோம், அதனால் எனக்குத் தப்பாகவே தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், ஆம்பளை வாடிக்கையாளரிடம் நானாகக் காதில் விழும்படிப் பேசினதே கிடையாது.

கையெழுத்துப் போடச் சமையல் காண்ட்ராக்டர் அன்றைக்கே வந்தார். மணி மூன்றேகால். மேடமும் அறையிலிருந்து வந்து நின்றார். நான் டம்ளரைப் பார்த்தேன், எழுந்து நின்றேன், கம்பெனிக்காரன் ஐயாயிரம் என்கிறான், உங்கள் சீட்டில் ஐயாயிரத்து ஒன்று என்று இருந்தது, அந்த ஒரு ரூபாய் எங்கே சார் என்று கேட்டேன். ஆபீஸ் முழுக்கக் கேட்டிருக்கும் போல, எல்லாரும் திரும்பினார்கள். அவர் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து பழைய சீட்டை எடுத்து மேஜையில் விரித்தார். ஒவ்வொரு வரியிலும் ஒன்று இருந்தது. "முழுசா ஐயாயிரம்னு பணத்த வெளிய விடலாமாம்மா? ஒரு ரூபாய எங்க தெருப் பிள்ளையார் உண்டியல்ல போட்டுட்டுத்தான் நான் பட்டனையே அமுக்குவேன்" என்றார்.

உண்டியலுக்கு ரசீது இருக்கிறதா என்று பரசு சார் கேட்டார். அவர் இல்லையென்று தலையாட்டினார். பிள்ளையாருக்குப் போனது காயின் விலையில் சேராது, பதினோரு வரியிலும் ஒவ்வொரு ரூபாய் குறைத்து எழுது என்றார் மேடம். குறைத்தேன். ஒத்துப்போனது. பரசு சார் டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அவரே கழுவினார். நான் எதற்கும் உட்காராமல் நின்றேன். மேடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்: "மூணரை ஆயிடுச்சு ரேவதி, குழந்தை கேட்ல நிக்கும், நோட்ட மூடிட்டுக் கிளம்பு."

அந்த நோட்டு முழுக்க நான் எழுதிய காசில் கையால் தொட்டுப் பார்க்கக்கூடியது உண்டியலில் விழுந்த அந்தப் பதினோரு ரூபாய்தான், அதைத்தான் கணக்கில் சேராது என்று அடித்துவிட்டோம்.