எட்டுப் பிள்ளைகளின் அப்பா

போன வாரம் ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டு இளைஞன் மடியில் ஒரு டப்பாவைத் திறந்தான். பொரி, நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், மேலே காய்ச்சாத கடுகெண்ணெய். மூக்கில் சுருக்கென்று ஏறியது. முன் சீட்டு அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? மூச்சை ஆழமாக இழுத்தேன். இன்னும் ஒரு தடவை இழுத்திருந்தால் பங்கு கேட்கிறேன் என்று நினைத்து டப்பாவை நீட்டியிருப்பான். உங்களிடம் சொல்வதற்கென்ன, நீட்டியிருந்தால் வாங்கிக்கொண்டும் இருப்பேன்.

அந்த எண்ணெயை நான் முதலில் முகர்ந்தது ஒரு வகுப்பறையில். ஓரிக்கைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. நான்காம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் சேர்த்து நானே வாத்தியார். ஒரு நாள் காலை எட்டுப் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். எட்டுத் தலையிலும் எண்ணெய் வழிந்தது. பக்கத்தில் அடுக்குமாடி வீடுகள் கட்ட ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். கட்டடத்துக்குப் பின்னாலேயே தகரக் கொட்டகைகளில் குடியிருந்தார்கள்.

அவர்களில் பெரியவள் பசந்தி. சொந்த ஊரில் ஒடியாவில் ஒன்றாம் வகுப்பு படித்தவள். அப்பாவின் வேலை ஐதராபாத்துக்குப் போனதும் அங்கே தெலுங்கு எழுத்துத் தெரியாது என்று மறுபடியும் ஒன்றாம் வகுப்பில் போட்டார்கள். எங்கள் தலைமையாசிரியை அப்படிச் செய்யவில்லை. வயதைப் பார்த்து நான்காம் வகுப்பில் உட்கார வைத்து, எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார். ஆறே மாதத்தில் பசந்தி காந்தி ரோடு பட்டுக்கடைப் பலகைகளைச் சத்தம் போட்டுப் படிக்க ஆரம்பித்தாள். என் திறமை என்று நானும் கொஞ்ச நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். எங்கள் ஊர்ப் பெற்றோர்களை எனக்குத் தெரியும். பாதிப் பேர் நெசவாளர்கள். தறியை விட்டு எழுந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தாலும் கால் மட்டும் இன்னும் மிதித்துக்கொண்டே இருக்கும். நான் பேசி முடிப்பதற்குள் அரை விரல்கடை நெய்திருப்பார்கள். பசந்தியையும் சேர்த்து அந்த எட்டுப் பிள்ளைகளுக்காக வந்தவர் ஒரே ஒருவர். பெயர் நிரஞ்சன். எட்டுப் பிள்ளைகளின் பெயருக்கு எதிரிலும் கையெழுத்துப் போட்டார். தலைமையாசிரியை என் காதருகே வந்தார்.

“என்னாபா, எட்டுக்கும் ஒரே அப்பனா? நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லேன். உனக்குத்தான் இந்தி தெரியுமே.”

தெரியும்தான். பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாமியிடம் டியூஷன் போய் மூன்று இந்திப் பரீட்சை எழுதியவன் நான். என்ன, எனக்குத் தெரிந்த இந்தி முழுவதும் விடுப்பு விண்ணப்ப இந்தி. தொண்டையைச் செருமிக்கொண்டு, ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கி, அளவான குடும்பத்தின் சிறப்பைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். கல்யாணம்கூட ஆகாதவன். நிரஞ்சன் மரியாதையாகக் கடைசிவரை கேட்டார்.

“சார், தமிழ்ல சொல்லு சார். இது வெளங்கல.”

அவர் தமிழை மேஸ்திரியிடம் கற்றவர். மேஸ்திரி அவரை எப்படிக் கூப்பிட்டாரோ அப்படியே அவரும் உலகத்தைக் கூப்பிட்டார். அதில் தப்பேதும் இல்லை. அடுத்த மாதம் வேறொருவர் வந்து அதே எட்டுப் பிள்ளைகளுக்கும் கையெழுத்துப் போட்டார். அதற்கடுத்த மாதம் மீசை வைத்த ஒருவர். எனக்குள் ஓடிய எண்ணங்களை இங்கே எழுதினால் நீங்கள் என்னோடு பேசமாட்டீர்கள். மறுபடி நிரஞ்சன் வந்தபோது கேட்டேவிட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“நம்ப சைட்ல டெய்லி ஒரு ஆளுக்குத்தான் லீவு சார். அந்த ஆளுக்கு அன்னிக்கு முறை. ரேஷன், ஆஸ்பத்திரி, ஸ்கூல் எல்லாம் அவன்தான் போவணும். வெள்ளிக்கெழம யாருக்கு முறை வருதோ அவன்தான் எல்லாப் புள்ளைக்கும் அப்பா.”

கேட்டபோது சிரித்தேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வெட்கமாக இருந்தது. நல்ல வேளையாக அந்த இந்திப் பிரசங்கம் யாருக்கும் புரியவில்லை.

பசந்தி ஐந்தாம் வகுப்பு முடிக்கும் சமயத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. கட்டடத்தின் கடைசித் தளம் முடிந்ததும் அவர்கள் எல்லாரும் பெங்களூருக்குப் போகிறார்கள் என்று அவளே சொன்னாள்.

“அங்க கன்னடம் சார். மறுபடி ஒண்ணாங்கிளாஸ்ல போடுவாங்கோ. நான் போமாட்டேன். அம்மாகூட வேலைக்குப் போறேன்.”

அழாமல் சொன்னாள். பதினொரு வயதுப் பெண் சின்னக் குழந்தைகளோடு எத்தனை தடவை உட்காருவாள்? ஊரின் இன்னொரு பக்கம் பெண்பிள்ளைகளுக்கு அரசு விடுதிப் பள்ளி இருந்தது. தலைமையாசிரியை எங்கெங்கோ பேசி ஓர் இடம் பிடித்துவிட்டார். பெற்றோர் சம்மதித்தால் போதும். சம்மதிக்காவிட்டால் பசந்தியின் படிப்பு அவ்வளவுதான். அந்த வாரம் முறைக்காரராக வந்தவரிடம் நான் கறாராகச் சொன்னேன்: “இந்தத் தடவை முறை கிறையெல்லாம் வேணாம். வர்ற வெள்ளிக்கெழம பசந்தியோட சொந்த அப்பாவும் அம்மாவும் நேர்ல வரணும்.” அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் கையை உயர்த்தித் தடுத்துவிட்டேன். அப்போது எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

வெள்ளிக்கிழமை வந்தது. டீ சொல்லி வைத்தேன், வடை வாங்கி வைத்தேன். யாரும் வரவில்லை. வடை ஆறியது, எனக்குக் கொதித்தது. இவ்வளவு பெரிய காரியத்துக்கு வரமுடியாத பெற்றோர் என்ன பெற்றோர்? சலவைச் சட்டையோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கட்டடத்துக்கே போனேன், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று.

போய்ப் பார்த்தால் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே கலவை மிஷின் உறுமியது. அங்கிருந்து படிப்படியாக மூன்றாவது மாடிக்கு மேலே வரை ஆணும் பெண்ணும் நின்று இரும்புச் சட்டிகளைக் கைமாற்றினார்கள். மேஸ்திரி என்னைப் பார்த்து, “சார், ஓரமா நில்லு சார். நிறுத்தினா கலவ இறுகிப்பூடும், தளமே வீணு. இன்னிக்கு யாருக்கும் லீவு கெடையாது” என்று கத்தினார். பிரம்மோற்சவத்தில் ஊரே திரளும் கருட சேவையன்று பெற்றோர் கூட்டம் வைக்கக் கூடாது என்று எங்கள் பள்ளிக்கூடத்துப் பியூனுக்குக்கூடத் தெரியும். கான்கிரீட் நாளன்று வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்ல வந்தவரையும் கையை உயர்த்தித் தடுத்திருந்தேன்.

திரும்பிவிடலாமா என்று நினைத்தபோது வரிசையில் ஒரு பெண் குழந்தைக்குப் பால் கொடுக்க இறங்கிப் போனாள். அவள் இடம் காலியானது. மேல்படியில் நின்ற நிரஞ்சன் கூப்பிட்டார்.

“சார், சும்மா நிக்கறியே, வந்து புடி சார்.”

பிடித்தேன். முதல் சட்டியில் பாதி என் சட்டையில். இரண்டாவது காலில். மூன்றாவதிலிருந்து ஓரளவுக்குக் கை பழகியது, முதுகு பழகவில்லை. பசந்தியின் அம்மா கீழே மிஷினருகே சட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார். அப்பா சுதாம் உச்சியில் கலவையைப் பரப்பிக்கொண்டிருந்தார். நடுவில் நான். மூச்சு வாங்கிக்கொண்டே விடுதிப் பள்ளி விஷயத்தைச் சொன்னேன். நிரஞ்சன் அதை ஒடியாவில் மேலேயும் கீழேயும் அனுப்பினார். சட்டியோடு சட்டியாகப் பேச்சு ஏறியது, இறங்கியது. என் வாழ்க்கையில் நடந்த உருப்படியான பெற்றோர் கூட்டம் அது ஒன்றுதான்.

வரிசையில் நின்றவர்கள் எல்லாருமே கேட்டார்கள். மீன் போடுவார்களா? காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்? பயந்தால் பக்கத்தில் யார் படுப்பார்கள்? இவர்களில் பசந்தியைப் பெற்றவர்கள் யார் என்று தெரியாதவன் அங்கே வந்திருந்தால் கடைசிவரை கண்டுபிடித்திருக்க மாட்டான். நானும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைக் கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். மீன் விஷயம் எனக்கு நிச்சயமில்லை. கடைசியில் கீழேயிருந்து அம்மாவின் கேள்வி வந்தது.  அதை நிரஞ்சன் எனக்குத் தமிழில் சொன்னார்.

“அது கேக்குது சார், நாங்க பெங்களூர் பூட்டா மீட்டிங்குக்கு யாரு போவா? அப்பா வராத புள்ளைய யாரு மதிப்பா?”

நான் அடுத்த சட்டியை வாங்கி மேலே கொடுத்தேன். மேலேயிருந்து சுதாம் ஏதோ சொன்னார். வரிசை முழுக்கச் சிரிப்பு இறங்கி வந்தது. நிரஞ்சன் என் கையில் காலிச் சட்டியைக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: “சாரையும் முறையில சேத்துக்கலாம்னு சொல்றான்.”

நானும் சிரித்தேன். கீழே பார்த்தேன். அம்மா சிரிக்கவில்லை. மண்வெட்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அது வேடிக்கைப் பேச்சு இல்லை என்று எனக்கு உறைத்தது.

“சரி” என்றேன். அவ்வளவு மூச்சு வாங்கிக்கொண்டு நான் எதற்கும் சம்மதித்ததில்லை. எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த என் அம்மாவிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்படியாக நான் அப்பா ஆனேன். மாதம் ஒரு நாள் தலையைப் படிய வாரிக்கொண்டு விடுதிப் பள்ளிக்குப் போவேன். மேசைக்கு இந்தப் பக்கத்தில் உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்பது அங்கேதான் தெரிந்தது. என்னைவிடச் சின்ன டீச்சர் ஒருவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்.

“பசந்தி தமிழ் நல்லாப் படிக்குது. கணக்குதான் ரொம்ப மோசமா இருக்குது. அஞ்சாங்கிளாஸ்ல எந்த வாத்தியாருங்க இது? ஒண்ணுமே சொல்லிக் குடுக்கல போல.”

“ஆமா மேடம். நானும் கேள்விப்பட்டேன்” என்றேன்.

பசந்தி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். மீன் மாதத்துக்கு ஒரு தடவைகூடப் போடவில்லை என்று அதற்கும் சேர்த்து எனக்குத் திட்டு விழுந்தது, அவளிடமிருந்து. ஒவ்வொரு தடவையும் அன்று மாலையே நிரஞ்சனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்பிப்பேன். அவருக்குப் பின்னால் பத்துப் பேர் சேர்ந்து கேள்வி கேட்பார்கள்.

அவள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஒரு மாதம் நான் போனபோது பெற்றோர் பெஞ்சில் சுதாம் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, காலில் புதுச் செருப்பு. டீச்சர் என்னைக் காட்டி அவரிடம், “பசந்தி அப்பா இவருதான். நீங்க யாருங்க?” என்று கேட்டார். சுதாமுக்குக் கோபம் வரவில்லை. எழுந்து என்னைப் பார்த்து, “இன்னிக்கு என் முறை சார்” என்றார்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது. கூடவே பொறாமையும் வந்தது, அதை மறைப்பானேன்? கிளம்பத் திரும்பினேன். பசந்தி என் கையைப் பிடித்து இழுத்து சுதாம் பக்கத்தில் உட்கார வைத்தாள். கணக்குக்கான திட்டை இரண்டு அப்பாக்களும் பாதிப் பாதியாக வாங்கிக்கொண்டோம்.

பத்தாம் வகுப்பு தேறியதும் பெங்களூரில் மேலே படிக்க அவளைக் கூட்டிப்போனார்கள். பஸ் ஸ்டாண்டில் அழுதது நான்தான், அவள் இல்லை. கொஞ்ச காலம் போன் வந்தது. பிறகு வேலை புனே பக்கம் போனது என்றார்கள். எண்கள் மாறின. இப்போது நிரஞ்சனின் எண்ணை அழுத்தினால் யாரோ ஒரு பெண் எடுத்துத் தப்பான நம்பர் என்கிறார்.

அந்தப் பொரி டப்பாக்காரனைப் பார்த்த மறுநாள் ஓரிக்கைப் பக்கம் போனேன். தகரக் கொட்டகைகள் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. கட்டடத்துக்கு இரண்டாவது தடவை பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கேட்டுக்குள் எட்டிப் பார்த்த என்னை வாட்ச்மேன் நிறுத்தினார்.

“எந்த வீட்டுக்கு சார்? உள்ள சொந்தக்காரங்க யாருனா இருக்கறாங்களா?”

“இருந்தாங்கபா” என்றேன்.