கேட்காமல் போன கீச்சொலி

எனக்குக் காது கேட்காது. அதை மறைத்துக்கொண்டு, நோயாளிகளின் மூச்சைக் கேட்பதாகப் பல ஆண்டுகள் நடித்தேன். அதனால் ஒரு மனிதர் செத்துப்போனார்.

இதை இதற்குமேல் நயமாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

முழுச் செவிடி அல்ல நான். பேச்சு கேட்கும், பேருந்தின் ஒலி கேட்கும். மெல்லிய, கூர்மையான ஒலிகள்தாம் ஒவ்வொன்றாக என்னைவிட்டுப் போயின. நுரையீரல் தன் துன்பத்தைப் பெரும்பாலும் அத்தகைய ஒலிகளில்தான் சொல்கிறது... என் விதியைப் பாருங்கள்!

சிவகாசிக்கு அருகே ஒரு தனியார் மருத்துவமனையில் நான் செவிலி. பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் என எங்கே வேலை செய்தாலும், மூச்சு முட்டினால் எங்கள் வார்டுக்குத்தான் வருவார்கள். மூச்சை வெளியே விடும்போது விசில்போல் வந்தால் அது வீசிங். மார்புக்குள் சிறுகுழாய்கள் சுருங்கிவிட்டன என்று பொருள். உள்ளே இழுக்கும்போது கழுத்தருகே கீச்சென்று வந்தால் அது ஸ்ட்ரைடர். தொண்டையே அடைபடுகிறது, ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது என்று பொருள். புதிதாக வரும் பெண்களுக்கு இவற்றை நான் வாயாலேயே ஒலித்துக் காட்டுவேன்.

ஒலிக்கத் தெரிந்தது. கேட்கத்தான் முடியவில்லை.

கண்ணைக் கொண்டு சமாளித்தேன். விலா எலும்புகளின் நடுவே தோல் குழிகிறதா, மூக்கு விடைக்கிறதா, உதடு நீலம் பாய்கிறதா... பெரும்பாலும் என் கணிப்பு தப்பாது. இளம் மருத்துவர்கள்கூட, “மெர்சி சிஸ்டர், நீங்க ஒரு தடவ கேட்டுப் பாத்துச் சொல்லுங்க” என்பார்கள். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, கண்ணை மூடி, தலையாட்டுவேன். வேலை போய்விடும் என்று பயந்தேனா? இல்லை. அந்தப் பேரை இழக்க மனம் வரவில்லை. அவ்வளவுதான்!

ஒரு நாள் பகலில் அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடிமருந்து வெடித்தது. இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். ஒருவருக்கு உடம்பெல்லாம் தீக்காயம். மற்றவர் மாரியப்பன். கையிலும் முகத்திலும் மட்டும் காயம். எழுந்து உட்கார்ந்து பேசினார். ஆனால் மூக்குத் துவாரத்தில் கரி இருந்தது, குரல் கம்மியிருந்தது. சூடான புகையை உள்ளே இழுத்திருக்கிறார்.

மருத்துவர் உடம்பெல்லாம் வெந்தவரைப் பார்க்க ஓடும்போது, மாரியப்பனைக் காட்டி என்னிடம் சொன்னார்: “சிஸ்டர், இவருக்குத் தொண்ட வீங்கலாம். பக்கத்துலயே இருங்க. மூச்சு இழுக்குறப்ப சத்தம் வந்தா உடனே கூப்பிடுங்க.”

எனக்கு அது கேட்காது டாக்டர், வேறு யாரையாவது நிறுத்துங்கள்... இந்த ஒரு வாக்கியம் போதும். நான் “சரிங்க டாக்டர்” என்றேன்.

ஆக்சிஜன் அளவு நன்றாக இருந்தது. மாரியப்பன் தண்ணீர் கேட்டார். கட்டிலோரம் நின்றிருந்த அவர் மனைவி செல்வி திடீரென்று என் கையைப் பிடித்தாள்.

“சிஸ்டர், இவுக மூச்ச இழுக்குறப்ப கீச்சு கீச்சுன்னு கேக்குதே... என்னன்னு பாருங்க.”

குனிந்தேன். எனக்கு மௌனம்தான். ஸ்டெதாஸ்கோப்பை அவர் நெஞ்சில் வைத்தேன். மௌனம். அவள் சொல்வதை நம்பினால், எனக்குக் கேட்கவில்லை என்று ஆகிவிடும். நம்பாவிட்டால்? அதை நான் எண்ணவே இல்லை. எண்ண மறுத்தேன்!

“ஒண்ணுமில்லம்மா. தொண்ட வறண்டுருக்கு. பயப்படாத.”

“இல்ல சிஸ்டர், நல்லாக் கேக்குது...”

“நான்தான் வச்சுப் பாத்தேன்லம்மா.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் மாரியப்பன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அப்போது என் கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது, தெரிந்து என்ன? மருத்துவர் ஓடிவந்தார். வீங்கிய தொண்டைக்குள் குழாய் நுழையவில்லை. கழுத்தைத் துளைத்துக் குழாய் வைப்பதற்குள் மூளைக்குக் காற்றுப் போகாமல் நேரமாகிவிட்டது. சில நாள் கண் திறக்காமல் கிடந்தார். பிறகு அதுவும் இல்லை.

“சத்தம் ஏதும் வந்துச்சா சிஸ்டர்?” என்று மருத்துவர் கேட்டார்.

“எனக்குக் கேக்கல டாக்டர்” என்றேன்.

சொல்லுங்கள், இது பொய்யா? எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன். சொல்லுக்குச் சொல் உண்மை. நான் சொன்னவற்றிலேயே கேடுகெட்ட வாக்கியமும் அதுதான்.

மூட்டுவலி என்று சொல்லி வேலையை விட்டேன். சால்வை போர்த்தி அனுப்பினார்கள்...

சென்ற மாதம் சாத்தூர்ப் பேருந்து நிலையத்தில் செல்வி என்னை அடையாளம் கண்டு ஓடிவந்தாள். மெலிந்திருந்தாள். ஏதோ அச்சகத்தில் காலண்டர்களின் மேல்விளிம்பில் தகரத் தகடு அடிக்கிறாளாம்.

“சிஸ்டர், நல்லா இருக்கீகளா?” என்றாள். சற்று நின்று, தயங்கிச் சொன்னாள்: “அன்னிக்கி எனக்கு என்னமோ சத்தம் கேட்ட மாதிரியே இருந்துச்சு சிஸ்டர். பயத்துல அப்பிடித் தோணிருக்கு போல. நீங்களே வச்சுப் பாத்து இல்லன்னு சொன்னீக... எனக்குத்தான் புத்தி பெரண்டு போச்சுன்னு நெனச்சுக்குவேன்.”

உனக்குச் சரியாகத்தான் கேட்டது செல்வி. உனக்கு மட்டும்தான் கேட்டது. இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்!

“பிள்ளைக படிக்காகளா?” என்று கேட்டேன்.

“படிக்காக சிஸ்டர்” என்றாள்.

அவளுடைய பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டாள்.