தறிய நிறுத்திட்டுக் கேளு

காதில் செருகியிருப்பதை எடுக்காமலே என் மகள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். நேற்றும் அப்படித்தான். "தறிய நிறுத்திட்டுக் கேளு கண்ணு" என்றேன். ஒரு காதை மட்டும் விடுவித்து, "எந்தத் தறிங்கப்பா?" என்றாள். நியாயமான கேள்வி. அவள் தறியையே பார்த்ததில்லை. ஊர்ப்பட்ட சொல்லுக்கெல்லாம் வேர் தேடிப் புத்தகம் புரட்டுகிற நான், சொந்த வீட்டுச் சொல்லுக்குக் கதை சொன்னதில்லை.

எழுபதுகளில், மங்கலத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறிகள். எண்ணெய் வாசம் சோற்றிலும் இருக்கும். அந்தச் சத்தத்தில் வளர்ந்ததால், இன்றும் நான் போனில் ரகசியம் பேசினால் தெருவே யோசனை சொல்ல வருகிறது. தறியருகே நிற்கும்போது யார் எது சொன்னாலும் அப்பா தலையாட்டுவார். காதில் விழாது, விழவில்லை என்று சொல்லவும் கத்த வேண்டும். ஆட்டிவிடுவது சுலபம். அதை நம்பி சர்க்கஸுக்குப் போய்த் திரும்பி நான் அடி வாங்கியதும் உண்டு.

அக்காவுக்குக் குன்னத்தூரில் மாப்பிள்ளை பேசினார்கள். அவளுக்கு டீச்சர் டிரெயினிங் போக ஆசை. அப்பாவிடம் அமைதியில் சொல்லப் பயம். அதனால் தறி ஓடும்போதே பக்கத்தில் போய், கல்யாணம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். இழையிலிருந்து கண்ணெடுக்காமல் அப்பா தலையாட்டினார். அன்று அவள் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவியது எனக்கு நினைவிருக்கிறது.

அடுத்த வாரம் நிச்சயம் செய்துவிட்டார்கள். அப்பா மனசு மாறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். மறுபடி கேட்கவில்லை.

கல்யாணமாகி முதல் ஆடி நோம்பிக்கு வந்தபோதுதான் வாய் திறந்தாள்.

"வேண்டாமுன்னு சொன்னனுங்கப்பா. நீங்களும் தலையாட்டுனீங்க."

"எப்பச் சொன்னே கண்ணு?"

"தறி ஓடறப்பங்க."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதன்பின் கொட்டகை வாசலில் யார் தலை தெரிந்தாலும் தறியை நிறுத்திவிடுவார். அம்மா சாப்பிடக் கூப்பிட வந்தாலும் நிறுத்துவார். கவனமில்லாதவர்களைச் சீண்ட நாங்கள் அதையே சொல்லாக்கிக்கொண்டோம்; பிள்ளைகளுக்கு எதுதான் வேடிக்கையில்லை. அக்கா வந்தால் மட்டும் நான்கு தறியும் நிற்கும்.

"நிறுத்திட்டேன், சொல்லு கண்ணு."

"ஒன்னுமில்லீங்கப்பா."

தறிகள் பழைய இரும்புக்குப் போயின. அப்பாவும் போய்விட்டார். கொட்டகை இருந்த இடத்தில் யாரோ பனியன் துணி மூட்டைகளை அடுக்கியிருக்கிறார்கள். போன மாதம் அக்கா வந்து அங்கே நின்றாள். அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"சொல்லுங்கக்கா" என்றேன்.

"ஒன்னுமில்ல கண்ணு."