வெளியே போனால் பாஸ்

பிள்ளைகளே, ராயபுரத்துப் பக்கம் எந்தப் பள்ளிக்கூடம் முதல், எது கடைசி என்று நம் தெருவில் எல்லோரும் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். போன வருஷம் எத்தனை பேர் எஸ்.எஸ்.எல்.சி. தேறினார்கள் என்பதுதான் அவர்களுக்கு அளவுகோல். அந்த முதல் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். அது எப்படி முதலாவது ஆனது என்று எனக்குத் தெரியும்.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, அந்த மூட்டைகளை எண்ணுகிற குமாஸ்தாவாக ஆகவேண்டும் என்பதுதான் வீட்டில் இருந்த ஒரே ஆசை. ஐந்தாம் பாரம் முடிந்து, எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு இன்னும் ஒரே ஒரு வகுப்பு, ஆறாம் பாரம்தான் பாக்கி. கணக்கில் நான் மட்டம். தலைமையாசிரியர் அம்மாவை வரச் சொன்னார். மீன் விற்றுவிட்டு நேரே வந்தாள். கூடையை கேட்டுக்கு வெளியே வைக்கச் சொன்னார்கள்.

"பையன் இங்கேயே இருந்தா ஃபெயில்தாம்மா. டி.சி. வாங்கிக்கிறதா இருந்தா பாஸ்னு எழுதித் தரேன்" என்றார் தலைமையாசிரியர்.

"இன்னா சார் சொல்றே? அதே புள்ள, அதே மார்க்கு. உள்ள இருந்தா ஃபெயிலு, வெளிய போனா பாஸா?"

"பள்ளிக்கூடத்துக்குன்னு ஒரு பேர் இருக்கும்மா."

"பேரு கீது சார். வாத்தியாரு கீறாரா?"

அவர் மணியடித்து அடுத்த ஆளை அனுப்பச் சொன்னார். வராந்தாவில் என்னைப் போன்ற பையன்கள் வரிசையாக நின்றார்கள்.

எங்களைக் கழித்த பிறகு மிஞ்சியவர்கள் யார்? வீட்டில் டியூஷன் வைத்துக்கொண்ட கடைக்காரர் பிள்ளைகள். அப்புறம், யாரும் சொல்லித் தராவிட்டாலும் தேறிவிடுகிற இரண்டொரு கெட்டிக்காரர்கள். அவர்களை மட்டும் பரீட்சைக்கு அனுப்பிவிட்டு, அனைவரும் தேர்ச்சி என்று வாசலில் பலகை மாட்டிக்கொண்டார்கள். வெட்கமாவது, மானமாவது! நல்ல மீனாகப் பொறுக்கி வைத்துக்கொண்டு, இதை நான்தான் வளர்த்தேன் என்று கூவுகிற வியாபாரத்தை என் அம்மா ஒருநாளும் செய்ததில்லை.

திருவொற்றியூரில் கடைசி என்று பேர் வாங்கிய பள்ளிக்கூடம் என்னைச் சேர்த்துக்கொண்டது. ஓட்டுக் கொட்டகை, மழை பெய்தால் பெஞ்சை நகர்த்திப் போட வேண்டும். கணக்கு வாத்தியார் முதல் நாளே கரும்பலகையில் ஒரு பின்னக் கணக்கைப் போட்டு என்னைக் கூப்பிட்டார். நான் முழித்தேன்.

"இது கூடத் தெரியாம அஞ்சாம் பாரம் எப்பட்றா தாண்டுனே?"

"பாஸுன்னு எழுதிக் குடுத்தாங்க சார்."

வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே என்னையும் இன்னும் சிலரையும் உட்காரவைத்துப் பின்னத்திலிருந்து ஆரம்பித்தார். வருஷம் முழுக்க விடவில்லை.

மார்ச் பரீட்சையில் கணக்கில் மட்டும் கொஞ்சத்தில் தவறினேன். மறுபடியும் உட்காரவைத்தார். செப்டம்பரில் திரும்ப எழுதித் தேறினேன். ஆனால் ஊர் மார்ச்சைத்தான் எண்ணும். செப்டம்பரை எவன் எண்ணுகிறான்? ஆகவே, என்னைத் துரத்திய பள்ளிக்கூடத்துக்கு என்னால் ஒரு களங்கமும் இல்லை. என்னைத் தேறவைத்த பள்ளிக்கூடத்துக்கு நான் ஒரு ஃபெயில். இதைத்தான் தரம் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள்.

துறைமுகத்தில் வேலை கேட்டுப் போனபோது, பெரிய குமாஸ்தா என் சர்டிபிகேட்டைப் புரட்டிவிட்டு ஒரு காகிதத்தை நீட்டி, கிடங்கில் இருந்த மூட்டைகளின் எடையைக் கூட்டித் தரச் சொன்னார். கால், அரை, முக்கால் என்று எல்லாம் பின்னம். போட்டுக் கொடுத்தேன். விரலை ஓட்டிச் சரிபார்த்தார்.

"நாளைக்கே வந்துடு" என்றார்.

எந்தப் பள்ளிக்கூடம் என்று அவர் கேட்கவே இல்லை. நானாகத்தான் திருவொற்றியூர்ப் பள்ளிக்கூடம் என்று சொன்னேன்.