மூன்றாம் நம்பர் வீட்டின் கைப்பிடி

பெருமாள்சாமி அந்த வீட்டில் ஆறு வருஷமாகக் காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில் கட்டித்தான் தொங்கவிட்டிருந்தான்.

வீரபாண்டிக்குப் பக்கத்தில், ஒன்றின் சுவரை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும் ஏழு லைன் வீடுகளில் அது மூன்றாவது. நீளமான ஒரே அறை. பின்மூலையில் அடுப்பு மேடை, எதிர்மூலையில் கக்கூஸ் கதவு. சாவி கொடுத்த அன்றைக்கே வீட்டுக்காரி பொன்னாத்தாள் சொல்லிவிட்டாள்.

“ஏனுங்க, கறி ஆக்குங்க, ஒறம்பரை சனத்தக் கூட்டியாந்து பத்து நாள் வெச்சுக்குங்க, நான் ஒண்ணுஞ் சொல்றதில்லீங்க. செவுத்துல மட்டும் ஆணி அடிச்சுப்போடாதீங்க. தோப்ப வித்துக் கட்டுன ஊடுங்க இது.”

அந்தப் பேச்சைப் பெருமாள்சாமி மீறவே இல்லை. மீறாமல் இருந்ததிலேயே அவன் கைவேலை தேறிவிட்டது. கூரையைத் தாங்கும் இரும்பு ஆங்கிளில் எலாஸ்டிக் கட்டி மகளுடைய புத்தகப் பலகையைத் தொங்கவிட்டான். கதவு நிலைக்குக் குறுக்கே ஸ்பிரிங் கம்பியை இழுத்து மாட்டி, பழைய சேலையைத் திரையாக்கினான். குக்கருக்குக் கைப்பிடி, மிக்ஸிக்கு அடிக்கட்டை, மகளுக்குக் கட்டிங் வேஸ்ட்டில் தைத்த பள்ளிக்கூடப் பை என்று எல்லாம் அவன் கையால் ஆனவை. பதினாறு வயதில் விளாத்திகுளத்திலிருந்து பஸ் ஏறி வந்து, பனியன் கம்பெனியில் டெய்லர் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக் கொடுத்து, பிறகு தானே ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவன். சுவரில் ஒரு துளை போடாமல் ஒரு குடும்பத்தையே தொங்கவிட்டுவிட்டான் என்று பக்கத்து வீட்டுக் கருத்தம்மா கேலி பேசுவாள்.

ஆனி மாதம் ஒரு காலையில் அவன் மனைவி அனுசுயா அடுப்பு மேடைக்கு முன்னால் சரிந்து விழுந்தாள். இடது கையும் இடது காலும் போயின. பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்து அனுப்பும்போது, பயிற்சி கொடுத்த அம்மா பெருமாள்சாமியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “முதல் மூணு மாசம்தான் கணக்கு. படுக்கப் போட்டீங்கன்னா படுத்ததுதான். சுவரோரமா ஒரு கைப்பிடி போடுங்க. வலது கையால பிடிச்சு அவங்களே நடக்கட்டும்.”

சுவரோரமாக ஒரு கைப்பிடி. அந்த வீட்டில்.

வேலைக்குப் போகாமல் அவன்தான் அவளைத் தூக்கி உட்காரவைத்தான், கக்கூஸுக்குத் தூக்கிக்கொண்டு போனான். அப்படிப் போகும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள். நாலைந்து நாளில் அவள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள் என்பது அவனுக்குத் தெரிந்தது. சொம்பு வைத்தபடியே இருந்தது.

வியாழக்கிழமை இரண்டு போன் வந்தது. முதலில் வந்தது கம்பெனியின் லைன் சூப்பர்வைசர் சசிகுமாரிடமிருந்து. “அண்ணே, திங்கக்கிழமை வந்துருங்க. ஷிப்மெண்ட் நிக்குது. நானும் எத்தன நாளைக்குண்ணே மிஷின காலியா காட்டுவேன்? வேற ஆள் போட்டுருவாங்க.” அடுத்து வந்தது மகள் முத்துமாரியிடமிருந்து. கோவில்பட்டியில் அத்தை வீட்டில் தங்கி பி.எஸ்சி. கடைசி வருஷம் படிக்கிறாள். அவர்கள் இரண்டு பேர் வம்சத்திலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் கால் அவளுடையது.

“அப்பா, நீங்க வேலைக்குப் போங்க. நான் ஞாயித்துக்கெழம ராத்திரி பஸ்ஸு ஏறி வந்திருதேன். படிப்ப அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்.”

“அதெல்லாம் வேண்டாம். அம்மா நடந்திருவா.”

“எப்பப்பா?”

“ஞாயித்துக்கெழம சாயங்காலம் போன் பண்ணுதேன். அதுவரைக்கும் டிக்கெட் எடுக்காத” என்றான்.

அனுசுயா கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். “அவ வரக் கூடாது” என்றாள். வாய் கொஞ்சம் கோணி, சொல் வழுக்கி வந்தது. “வந்தா நா சாப்புட மாட்டேன்.”

அன்று முழுக்கப் பெருமாள்சாமி ஆணி இல்லாத வழியைத் தேடினான். பெயிண்ட் டப்பாவில் சிமெண்ட் ஊற்றிக் கம்பி நடலாம் என்று பார்த்தால், டப்பாக்களை வைத்தபின் கட்டிலுக்கும் மேடைக்கும் நடுவில் ஆள் போக இடமில்லை. கூரையிலிருந்து தொங்கவிடும் எதுவும் ஆடும். அவளுக்கு வேண்டியது ஆடாத ஒன்று.

வெள்ளிக்கிழமை காலையில் மூட்டையைப் பிரித்தான். கம்பெனியில் கேட்டு வாங்கி வைத்திருந்த பனியன் துணி வேஸ்ட். பட்டை பட்டையாகக் கிழித்து, ஒன்பது பட்டையை மூன்று பிரியாக்கி, மணிக்கட்டு கனத்துக்குப் பின்னினான். ஜன்னல் கம்பியில் ஒரு முனை, கக்கூஸ் கதவின் கீலில் மறுமுனை. இழுத்து இறுக்கினான். தட்டிப் பார்த்தான். விண்ணென்று நின்றது.

“பிடிச்சு எந்திரி.”

அவள் வலது கையால் பிடித்து எழுந்தாள். ஒரு எட்டு வைத்தாள். இரண்டாவது எட்டில் உடம்பின் கனத்தை முழுக்கக் கயிற்றில் போட்டாள். கயிறு அறுபடவில்லை. இழுபட்டது. இடுப்பளவு இருந்தது முழங்காலுக்கு வந்தது. அவன் எட்டிப் பிடிப்பதற்குள் அவள் இடது பக்கமாகச் சாய்ந்து, கட்டில் கால் நெற்றியில் பட விழுந்தாள்.

இழுத்தால் இழுபடுவதுதான் பனியன் துணியின் குணம். அந்தக் குணத்தை நம்பித்தான் ஒரு ஊரே சாப்பிடுகிறது. முப்பத்திரண்டு வருஷம் அதைத் தைத்தவனுக்கு, பின்னும்போது அது ஞாபகம் வரவில்லை.

மடியில் போட்டு நெற்றியைத் துடைத்தான். அவள் பாதி வாயால் சிரிக்கப் பார்த்தாள். “நல்ல டெய்லருதான் போங்க” என்றாள். பிறகு இரண்டு கண்ணிலும் தண்ணீர் வந்தது. இடது கண் மட்டும் நிற்கவே இல்லை.

சனிக்கிழமை பழைய இரும்புக் கடைக்குப் போய்ப் பன்னிரண்டடிக் குழாய் ஒன்றும் ஸ்க்ரூக்களும் வாங்கினான். கம்பெனி எலெக்ட்ரீஷியனிடம் ட்ரில் மிஷினைக் கேட்டு வாங்கி, துணிப் பைக்குள் மறைத்துக் கொண்டுவந்தான். மறுநாள் ஆடிப் பதினெட்டு. பொன்னாத்தாள் வீட்டில் எல்லோரும் காலையில் கொடுமுடிக்குப் போய் ஆற்றில் முழுகிவிட்டு மத்தியானம்தான் திரும்புவார்கள்.

ஞாயிறு ஏழு மணிக்குக் கார் கிளம்பியது. ஏழேகாலுக்கு முதல் துளையைப் போட்டான். ஆறு வருஷம் காத்த வார்த்தை பொடியாக உதிர்ந்து அவன் கால்விரலில் விழுந்தது.

பிளாஸ்டிக் கூட்டைச் செருகி ஸ்க்ரூவை முறுக்கினான். முறுக்க முறுக்கச் சுற்றிக்கொண்டே இருந்தது. லேசாக இழுத்தான். ஸ்க்ரூ, கூடு, ஒரு பிடி சாந்து எல்லாம் சேர்ந்து கையோடு வந்தன. ஹாலோ பிளாக் சுவர். உள்ளே வெறும் காற்று. இன்னொரு இடத்தில் போட்டான். அதுவும் வந்தது. மூன்றாவது துளையில் வெறி பிடித்தவனைப் போல மிஷினை அழுத்தினான். சட்டென்று எதிர்ப்பு இல்லாமல் போய், மிஷின் சுவரில் முட்டி நின்றது.

அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. “அடப்பாவி! எவண்டா அது எங்கொழம்புக்குள்ள மண்ணள்ளிப் போட்டது?”

கருத்தம்மா கரண்டியும் கையுமாக வாசலில் வந்து நின்றாள். தேனிப் பக்கத்துக்காரி. ஒண்டியாக இருந்து இன்னொரு கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறவள். பொடி மூடிய தரையையும், சுவரையும், கட்டிலில் நெற்றி வீங்கி உட்கார்ந்திருக்கும் அனுசுயாவையும் பார்த்தாள்.

“என்னாண்ணே, கன்னம் வைக்கிறதா இருந்தா பணக்காரன் வீட்ல வைக்கக் கூடாதா? எங்க வீட்ல என்ன இருக்குன்னு இந்தக் குடைச்சல்?”

பெருமாள்சாமி சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். “முடியல கருத்தம்மா. செவுத்துக்குள்ள ஒண்ணுமே இல்ல. எதுவும் நிக்க மாட்டேங்குது. இன்னைக்குச் சாயங்காலம் அவ டிக்கெட் எடுத்திருவா.”

கருத்தம்மா துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். “பகல்ல நானும் டூட்டிக்குப் போயிருதேன். இல்லாட்டி மைனிய நான் பாத்துக்கிற மாட்டனா?” என்றாள். துளை வழியாக அவள் வீட்டு வெளிச்சம் காசளவு தெரிந்தது.

அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெருமாள்சாமி எழுந்தான்.

“ஏத்தா, இந்தப் பக்கம் போல்ட்டு. உம் பக்கம் ஒரு இரும்புப் பட்டை வச்சு நட்டப் போட்டு முறுக்குனா? செவுரு நடுவுல மாட்டிக்கிடும். எங்கிட்டும் போகாது.”

“எம் பக்கமா?” அவள் குரல் இறங்கியது. “அந்தம்மா பாத்தா என்னையும்ல சேத்துக் கெளப்பும்?”

“ஒன்னைய கேக்காம நாந்தான் தொளச்சேன்னு சொல்லிரு. சத்தியமா அதையே நானும் சொல்லுதேன்.”

அவள் அனுசுயாவைப் பார்த்தாள். அனுசுயா தலையைக் குனிந்துகொண்டாள். தன்னால் இன்னொருத்திக்கும் வீடு போய்விடுமோ என்ற பயம் அதில் இருந்தது.

“முறுக்கித் தொலை” என்றாள் கருத்தம்மா. “கொழம்பு எப்படியும் போச்சு.”

ஓடிப்போய் எட்டங்குல போல்ட் நாலு வாங்கிவந்தான். வாசலில் கிடந்த பழைய கட்டிலின் இரும்புப் பட்டையை அறுத்தான். நாலு இடத்தில் சுவரை முழுக்கத் துளைத்து, அந்தப் பக்கம் கருத்தம்மா நட்டைப் பிடிக்க, இந்தப் பக்கம் அவன் முறுக்கினான். “இன்னும் இறுக்கு” “எங்கையி முறியுது” “முறியட்டும்” என்று துளை வழியாகவே பேசிக்கொண்டார்கள். பன்னிரண்டு மணிக்குக் குழாய் நின்றது. இரண்டு கையாலும் பிடித்துத் தன் உடம்பு முழுவதையும் அதில் தொங்கவிட்டான். அசையவில்லை.

குழாய் வழுக்கியது. வெள்ளிக்கிழமை பின்னிய கயிற்றைப் பிரித்து, பட்டைகளை நன்றாக இழுத்து இழுத்துக் குழாயின் மேல் சுற்றினான். இழுத்துவிட்ட துணி சுருங்கி, இரும்பைக் கவ்விக்கொண்டது.

அனுசுயா பிடித்தாள். எழுந்தாள். பதினொரு அடித் தூரம். வலது காலை வைத்து, இடது காலை இழுத்து, மறுபடி வைத்து. கதவு வரைக்கும் போய்விட்டாள். திரும்பும்போதுதான் சிக்கல் தெரிந்தது. திரும்பினால் சுவர் இடது பக்கம் வந்துவிடுகிறது. அந்தக் கையால் எதையும் பிடிக்க முடியாது. இதைப் பெருமாள்சாமி யோசிக்கவே இல்லை.

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி, வலது கையைக் குழாயின் மேல் தேய்த்தபடியே பக்கவாட்டில் நகர்ந்து வந்தாள்.

“நண்டு” என்றாள் கட்டிலில் உட்கார்ந்து. மூச்சு வாங்கியது. “தண்ணி குடுங்க.”

சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தாள்.

பொன்னாத்தாள் ஒரு மணிக்கு வந்தாள். வாசலில் பொடி இருந்தது. நெற்றியில் மஞ்சளும் கையில் தீர்த்தப் பாட்டிலுமாக நிலைப்படியில் நின்று சுவரைப் பார்த்தாள். அவள் முகம் மாறவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“ஏனுங்க பெருமாள்சாமி, நான் என்னங்க சொல்லி ஊடு உட்டேன்?”

“தப்புத்தாங்க.”

“அந்தப் பக்கமும் போயிருக்குதுங்களா?”

“அவங்களுக்குத் தெரியாதுங்க. நானா தொளச்சேன்.”

பக்கத்து வீட்டில் பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றிருந்தது. பெருமாள்சாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அந்த நேரத்தில்தான் குடித்த தண்ணீர் அனுசுயாவை எழுப்பியது. வீட்டுக்காரி நிற்கிறாள் என்று அடக்கிக்கொள்ள அவளால் முடியவில்லை. குழாயைப் பிடித்தாள். வலது கால், இழுத்த கால். பெருமாள்சாமி தூக்குவதற்கு ஒரு எட்டு வைத்தான். “வராதீங்க” என்றாள் திரும்பாமலே. கக்கூஸ் கதவு மூடியது.

பொன்னாத்தாள் பாட்டிலை இன்னொரு கைக்கு மாற்றினாள்.

“அம்மிணிக்கு நல்லாகட்டுங்க. ஆனா நானு இதப் பாத்துட்டு உட்டுட்டன்னா, நாளைக்கு ஏழு ஊட்லயும் ட்ரில்லு ஓடுமுங்க. ஆடியில ஊடு மாத்தச் சொல்லக் கூடாது, அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். ஆவணி ஒண்ணாந்தேதி காலி பண்ணிக் குடுத்துருங்க. கம்பியக் களட்டிச் செவுத்தப் பூசிப்போட்டுப் போங்க.”

அவள் இறங்கிப் போனாள். ஆவணிக்குப் பதினாலு நாள் இருந்தது.

கருத்தம்மா துளையோரமாக, “போயிருச்சா?” என்றாள் ரகசியமாக. “போயிருச்சு” என்றான்.

நாலு மணிக்கு மகளைக் கூப்பிட்டான். “டிக்கெட் எடுக்க வேண்டாம். அம்மா நடக்கா. தன்னால போயிட்டு வாரா.”

“நெசமாவாப்பா? அம்மாகிட்ட குடுங்க.”

போனை அனுசுயாவின் வலது காதில் வைத்தான். “நண்டு மாதிரி” என்று அவள் சொல்வதும், அந்தப் பக்கம் மகள் அழுவதும் சிரிப்பதும் கேட்டது. வீட்டைக் காலி பண்ண வேண்டியதை இரண்டு பேரும் சொல்லவில்லை.

பேசி முடித்ததும் பெருமாள்சாமி மிஷின் எண்ணெய் டப்பாவை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனான். கருத்தம்மா அதற்குள் ஒரு நட்டில் டிபன் பையை மாட்டியிருந்தாள். அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, நாலு நட்டுக்கும் இரண்டிரண்டு சொட்டு எண்ணெய் விட்டான்.

“இப்பத்தான் முறுக்குன, அதுக்குள்ள எதுக்குண்ணே எண்ணெ?”

“துருப்பிடிச்சிறக் கூடாது. பதினாலு நாள்ல கழத்தணும்ல.” டப்பாவை மூடினான். “ஒங்க கம்பெனிப் பக்கம் ஊடு எதுவும் காலியா இருந்தாச் சொல்லு. வாடகைய அப்புறம் கேப்போம். செங்கல் செவுரான்னு மொதல்ல கேளு.”