கால் முன்னே, மனசு பின்னே

தீவின் ஹேடோ துறைமுகத்தில் மெயின்லேண்டுக் கப்பல் வந்து நின்றால், சரக்கு இறங்குகிற சத்தத்துக்கு முன்னால் திருநாவுக்கரசின் குரல்தான் ஊருக்குக் கேட்கும். கப்பலின் வயிற்றுக்குள் நிற்கும் ஆட்களுக்கும், மேலே பளுதூக்கும் விஞ்சு எந்திரத்தை ஓட்டுகிற ராஞ்சிக்காரனுக்கும் நடுவே நின்று கை காட்டிக் குரல் கொடுப்பது அவர் வேலை. மூட்டைகள் ஏறவேண்டுமானால் "ஹபீஸ்!" என்பார், இறங்கவேண்டுமானால் "ஆரியா!" என்பார். அவை எந்த நாட்டு வார்த்தைகள் என்று அவருக்கே தெரியாது. துறைமுகத்தில் வங்காளி, தெலுங்கன், மலையாளி எல்லாருக்கும் அவை புரியும், அதுபோதும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஐம்பதுகளில் வந்து சேர்ந்த அவருக்குப் பெயர் வைத்தவர்கள் தெரிந்தே வைத்தார்கள் என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள்.

அந்த மனிதருக்கு அறுபத்து மூன்றாம் வருஷ மழைக்காலத்தில் குரல் அடங்கிப்போனது.

தொண்டையில் கோளாறு இல்லை. வீட்டில் சாவு இல்லை, சண்டை இல்லை. மனைவி செல்லமும் மகள் சந்திரமதியும் நன்றாகத்தான் இருந்தார்கள். ஆனால் காலையில் கண் விழித்தால், நனைந்த சாக்கு ஒன்றை நெஞ்சில் போட்டதுபோல் இருந்தது. பல் தேய்ப்பதே மலையேறுவதாகத் தோன்றியது. சோற்றில் ருசி இல்லை, பேச்சில் நாட்டம் இல்லை. ஒருநாள் கப்பலில் நின்றபடியே வெறித்துக்கொண்டிருந்துவிட்டார். குரல் வராததால் சிமெண்டு மூட்டைகள் அந்தரத்திலேயே ஆடின. கீழே நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். யாருக்கும் அடிபடவில்லை.

"அரே அண்ணா, ஆவாஸ் கஹான் கயா?" என்றான் ராஞ்சிக்காரன். குரல் எங்கே போயிற்று என்று அவருக்கும்தான் தெரியவில்லை. மேஸ்திரி அவரைக் கொட்டகையில் தார்ப்பாய் மடிக்கிற வேலைக்கு மாற்றிவிட்டார். டாக்டர் நாடி பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, உடம்பு திடமாக இருக்கிறது என்றார். அடுத்த குவார்ட்டர்ஸ்காரர் தாயத்து கட்டச் சொன்னார், இன்னொருவர் சாராயம் குடிக்கச் சொன்னார்.

"உங்களுக்கு என்னதான் செய்யுது?" என்று கேட்டாள் செல்லம்.

"ஒண்ணும் செய்யலட்டி. அதுதான் சங்கடம். நல்லதும் செய்யல, கெட்டதும் செய்யல."

செல்லம் அதற்குமேல் துருவவில்லை. மறுநாள் விடிந்ததும் ஒரு பையை அவர் கையில் கொடுத்தாள். "ஜங்கிளிகாட்டுத் துறையில போய் மீன் வாங்கிட்டு வாங்க. எனக்குக் கால் வலிக்குது."

"எனக்கு மனசே வரல."

"மனசு வரவேண்டாம். மீன் வந்தாப் போதும்."

போனார். தூறலில் நனைந்துகொண்டே அவ்வளவு தூரமும் நடந்தார். கரையில் மீன்கூடைகளுக்கு முன்னால் எதை வாங்குவதென்று தெரியாமல் நின்றார். ஒரு தெலுங்குக்காரி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "லேனா ஹை தோ லோ, நஹின் தோ ஹடோ!" என்று எரிந்து விழுந்தாள். வாங்கினால் வாங்கு, இல்லையானால் நகரு என்கிறாள்! அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கையில் கிடைத்த மத்தியை வாங்கிக்கொண்டு, வழியெல்லாம் அவளை மனதுக்குள் திட்டியபடியே வந்தார். குவார்ட்டர்ஸ் மேட்டில் ஏறும்போதுதான் உறைத்தது: எத்தனையோ நாளுக்குப் பிறகு உள்ளே ஏதோ ஒன்று அசைந்திருக்கிறது.

அன்று சாயங்காலத்துக்குள் அது மறுபடி மங்கிவிட்டது. ஆனால் காலையில் கொஞ்ச நேரம் நெஞ்சு லேசாக இருந்ததை அவர் மறக்கவில்லை. காரணம் விளங்கவில்லை. கயிறு எந்த முடிச்சில் நிற்கிறதோ அந்த முடிச்சைத்தான் மறுபடி போடவேண்டும், ஏன் நிற்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டார். மறுநாளும் போனார்.

சாயங்காலங்கள்தான் கஷ்டமாக இருந்தன. தனியாக இருக்கவும் முடியவில்லை, நாலு பேர் "என்னாச்சு, என்னாச்சு" என்று கேட்பதையும் தாங்க முடியவில்லை. கடைசியில் நஜிமுதீன் பாயின் மளிகைக்கடையில் போய் உட்கார்ந்தார். பாய் ஒன்றும் கேட்கவில்லை. வெங்காய மூட்டையை அவர் பக்கம் தள்ளி, "அழுகினதைத் தனியா எடுங்க அரசு" என்றார். கப்பலில் வந்த வெங்காயத்தில் அழுகலுக்கா பஞ்சம்? கை வேலை செய்தது, வாய் சும்மா இருந்தது. கடைக்கு வருகிற பேச்சு காதில் விழுந்துகொண்டிருந்தது.

ஒருநாள் அவரே வாய் திறந்தார். "பாய், எதுலயும் பிடிப்பில்லாமப் போச்சு எனக்கு."

"கடை வச்ச புதுசுல எனக்கும் அப்படி ஒரு காலம் வந்துச்சு" என்றார் பாய், தராசைத் துடைத்துக்கொண்டே.

"அப்புறம் எப்படிப் போச்சு?"

"எப்பப் போச்சுன்னு யார் கண்டா? ஒருநாள் பார்த்தா, ஒரு சிப்பம் புளிக்காக கப்பல்காரன்கூட மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கிறேன். சரி, ஆள் திரும்பி வந்தாச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்."

திருநாவுக்கரசு சிரித்துவிட்டார். தனக்கு மட்டும் வந்த தெய்வகுற்றம் இல்லை, மனிதர்களுக்கு வருகிற ஒன்றுதான் என்று தெரிந்ததே பாதி பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

எல்லாம் நேர்கோட்டில் போகவில்லை. நடுவில் சில நாள் படுக்கையைவிட்டு எழவே இல்லை. செல்லம் திட்டவில்லை. அவர் வெட்கத்தோடு, "எல்லாம் விட்டுப்போச்சே" என்றபோது, "நேத்து விட்டா இன்னைக்குப் போகக்கூடாதுன்னு சர்க்கார்ல சட்டம் போட்டிருக்கா?" என்று பையை நீட்டினாள். மழை ஓய்ந்து வெயில் கண்ட நாட்களில் சோறு சோறாக ருசித்தது. ஒரு காலையில் தானாகவே மேஸ்திரியிடம் போய்க் கப்பலில் ஏற அனுமதி கேட்டார். முதல் "ஹபீஸ்!" உடைந்துதான் வந்தது. ராஞ்சிக்காரன் விஞ்சின் மேலிருந்து கையைத் தூக்கி ஆட்டினான்.

இரண்டு வருஷம் கழித்து அந்த ஈரச் சாக்கு மறுபடி வந்தது. இந்தத் தடவை அவர் மிரளவில்லை. "வந்துட்டியா? சரி, இரு. நான் மீன் வாங்கிட்டு வாறேன்" என்று சட்டையை மாட்டினார். யாரோ விருந்தாளி வந்திருப்பதாக நினைத்து அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள் செல்லம். மனசு வரட்டும் என்று காத்திருந்தால் வராது, காலை முன்னால் அனுப்பினால் மனசு பின்னாலேயே வந்து சேரும் என்பது அவருக்கு அனுபவமாகிவிட்டது. அந்தத் தடவை ஈரச் சாக்கு சீக்கிரமே கிளம்பிவிட்டது.

எழுபதாம் வருஷ வாக்கில் சந்திரமதி கல்யாணமாகி, கணவனோடு மதுரைக்குப் போனாள். கப்பல் கண்ணைவிட்டு மறைந்த அன்று கலங்காமல் இருந்த செல்லம், அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கினாள். தலை வாராமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திருநாவுக்கரசுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. வைத்தியமும் தெரியுமே! விடியலில் எழுப்பி மீன் வாங்க அழைத்துப்போனார். சாயங்காலம் வெங்காயக் கூடையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

செல்லம் ஒரு வெங்காயத்தைக் கையில் எடுத்தவள் விம்மி அழுதாள். "இது உங்க மருந்து. எனக்குச் சேரல. இப்படிச் சத்தமில்லாம உக்காந்திருந்தா எனக்கு மூச்சு முட்டுது."

அவர் திகைத்துப்போனார். தனக்குப் பலித்தது எல்லாருக்கும் பலிக்கும் என்றல்லவா நினைத்திருந்தார்! கூடையை ஓரமாகத் தள்ளிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அப்ப உனக்கு என்ன வேணும், சொல்லு. செய்வோம்."

செல்லம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கூட்டம் வேணும். நாலு பேரு என்னை ஏசணும், நானும் ஏசணும். வேலை செஞ்சு உடம்பு வலிக்கணும்."

தீவின் வடகோடியில், திக்லிபூரில் அவளுடைய சிநேகிதி பொன்னம்மா குடும்பம் நெல் பயிரிட்டது. அறுப்புக்காலம். ஆள் போதவில்லை என்று அவள் புலம்புவது வழக்கம். திருநாவுக்கரசு வடக்கே போகிற கப்பலில் இடம் பிடித்து மனைவியை ஏற்றிவிட்டார். வீட்டில் தானே சோறு பொங்கினார். ஒன்று குழையும், இல்லையென்றால் அரிசியாக நிற்கும்.

அறுப்பு முடிந்து கப்பல் ஹேடோவுக்குத் திரும்பியபோது அவர் துறையில் நின்றிருந்தார். செல்லத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் சத்தம் கேட்டது. வெயிலில் கருத்து, குரல் கட்டி, கையில் கோழிக்கூடையோடு ஒரு கப்பல் சிப்பந்தியிடம் ஹிந்தியும் தமிழுமாகச் சண்டை போட்டுக்கொண்டே படியிறங்கி வந்தாள். கோழிக்குத் தனி டிக்கெட் எடுக்கவேண்டும் என்றானாம்.

"நீங்களே கேளுங்க இந்த நியாயத்தை! அது என்ன சீட்டுலயா உக்காந்து வந்துச்சு?"

திருநாவுக்கரசு சிப்பந்தியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கூடையை வாங்கிக்கொண்டார்.

"அடுத்த அறுப்புக்கும் வாறேன்னு பொன்னம்மாகிட்டச் சொல்லிட்டேன். உங்களைக் கேக்கல."

"என்னை எதுக்குக் கேக்கணும்? போயிட்டு வா."

மேட்டில் ஏறி வீட்டுக்குப் போகும்வரை அவள் வாய் ஓயவில்லை. வழியில் பொன்னம்மாவின் மாமியார், களத்து மேட்டு அட்டை, அங்கே விளைந்த பாக்கு எல்லாம் வந்து போயின. அவர் கூடையை நெஞ்சோடு அணைத்தபடி, "உம், உம்" என்று கேட்டுக்கொண்டே நடந்தார்.